தசைநார் நாண் அறுந்த பிறகு: ஒரு மரவில்லுக்கு நாண் தேர்ந்தெடுத்த கதை

வில் ஒற்றை மரத்தில் செதுக்கியது. நீளம் 68 அங்குலம். 28 அங்குலம் இழுத்தால் இழுப்பு எடை 45 பவுண்டு, அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். செய்தவர் என் நண்பர். கண்ணாடி இழை, ரசாயனப் பசை எதுவும் சேர்க்காத வில் என்பதால், நாணும் இயற்கைப் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மாட்டின் முதுகுத் தசைநாரைக் காயவைத்து, இழை இழையாகக் கிழித்து, முப்புரியாக அவரே திரித்த நாண் அது. வறண்ட மாதங்களில் அருமையாக வேலை செய்தது.

காற்றில் ஈரம் ஏறியதும் தொல்லை தொடங்கியது. நாண் ஏற்றிய வில்லில், வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்க வேண்டும். கட்டைவிரலை நிமிர்த்திய முஷ்டி அளவு என்பது பழைய கணக்கு. இந்த வில்லுக்கு ஆறரை அங்குலம். ஈரமான காலையில் அது ஐந்தரைக்கும் கீழே போயிருக்கும். நாணை இன்னும் முறுக்கிச் சரிசெய்வார். மதியம் வெயில் வந்தால் நாண் காய்ந்து இறுகி, இடைவெளி ஏழைத் தாண்டும். முறுக்கைக் குறைப்பார். மறுநாள் மறுபடி தொய்வு. இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஒருநாள் அம்பை விட்டதும் மேல் கண்ணிக்கு, அதாவது வில்லின் மேல்நுனியில் மாட்டும் வளையத்துக்கு, அருகே நாண் அறுந்தது. அம்பு கிளம்பிய பிறகு அறுந்ததால் வில் தப்பியது.

தப்பியது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இழுத்த வில்லில் தேங்கிய விசையில் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு போகிறது. மிச்சத்தைக் கடைசி நொடியில் நாண்தான் பிடித்து நிறுத்துகிறது. அம்பு நாணை விட்டு விலகுவதற்குள் நாண் போய்விட்டால், விசை முழுவதும் வில்லின் கைகளுக்கே, அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளுக்கே, திரும்பும். மரம் பிளக்க அது போதும். 1545இல் வில்வித்தை பற்றி எழுதிய ரோஜர் ஆஸ்கம் என்ற ஆங்கிலேயரும் இதையே எச்சரிக்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: தடித்த நாண் வில்லுக்குப் பாதுகாப்பு, ஆனால் அம்பு மந்தமாகப் போகும், மெல்லிய நாண் இதற்கு நேர் எதிர். இந்த நிகழ்வு முழுக்க இந்த இழுபறிதான் நடந்தது.

அறுந்த முனை சொன்னது

அறுந்த நாணைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. முனை எப்படி அறுந்திருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. எல்லாப் புரிகளும் கத்தி வைத்ததுபோல ஒரே மட்டத்தில் போயிருந்தால், ஏதோ ஒரு விளிம்பு உரசி அறுத்திருக்கிறது என்று பொருள். வில்லின் நுனியில் கண்ணி உட்காரும் வெட்டின் ஓரத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு புரி இங்கே, இன்னொன்று ஒரு விரற்கடை தள்ளி, மூன்றாவது நீளமாகப் பிய்ந்து என்று படிப்படியாகப் போயிருந்தால், புரிகள் சமமாகச் சுமை தாங்கவில்லை. ஒன்று முதலில் போயிருக்கிறது, மற்றவை அதைத் தொடர்ந்திருக்கின்றன.

இங்கே இரண்டும் இல்லை. கண்ணியின் உள்பக்கம், நுனி வெட்டில் வளைந்து உட்காரும் இடம், மஞ்சள் கண்ணாடிபோல இறுகிப் பளபளத்தது. நகத்தால் வளைத்தபோது மெல்லிய ‘டக்’ சத்தத்துடன் ஓர் இழை பிளந்தது. அதே நாணின் நடுப்பகுதி இன்னும் மிருதுவாக, வளைத்த பக்கமெல்லாம் வளைந்தது. தசைநார் என்பது கொலாஜன் என்னும் புரதம். தண்ணீர் பட்டால் ஊறி மென்மையாகும், சுமையில் இருந்தால் மெல்ல நீளும். காய்ந்தால், காயும்போது எந்த வடிவில் இருந்ததோ அதே வடிவில் விறைக்கும். நேரான பகுதியில் இதனால் பெரிய கேடில்லை. கண்ணி மட்டும் வளைந்த நிலையிலேயே ஊறி, வளைந்த நிலையிலேயே விறைத்து, ஒவ்வொரு அம்புக்கும் சொடுக்கப்பட்டிருக்கிறது. இழை நுனிகளை ஒட்ட அவர் தோல் பசை தடவியிருந்தார். அதுவும் ஈரத்தில் இளகும் சரக்குதான்.

இதை வைத்துத் தசைநாரே உதவாத பொருள் என்று சொல்லிவிட முடியாது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, ஏறக்குறைய 5300 ஆண்டுக்கு முந்தைய மனிதனின் அம்பறாத்தூணியில் ஒரு கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. விலங்குத் தசைநாரை மூன்று புரியாகத் திரித்த கயிறு அது என்று பிற்கால ஆய்வில் தெரிந்தது. கிடைத்திருக்கும் மிகப் பழைய வில்நாண்களில் அதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சிய இஷி, மான் காலின் தசைநாரை வாயில் மென்று மிருதுவாக்கி நாண் திரித்தவர். வறண்ட இடத்தில், குளிர்ந்த இடத்தில் தசைநாருக்கு ஈடு சொல்வது கடினம். நம் வில் இருந்தது அப்படிப்பட்ட இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எதை எடுப்பது

“டேக்ரான் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்னு எனக்கும் தெரியும். அப்படின்னா வில்லையே கடையில வாங்கியிருப்பேனே” என்றார் நண்பர். சரி, டேக்ரான் போன்ற செயற்கை இழைக்கு இடமில்லை. மற்றதைப் பார்த்தோம்.

சிலவற்றைத் தள்ள அதிக நேரம் ஆகவில்லை. தென்னை நார் நீரில் அழுகாது, ஆனால் இழுத்தால் நீண்டுகொண்டே போகும், வலுவும் குறைவு. சாக்குச் சணல் சொரசொரப்பு. நனைந்தால் வலு குறையும். பருத்தி நனைந்தால் வலு கூடும் என்பது உண்மை, ஆனால் இழைகள் குட்டை, நாண் தொய்ந்துகொண்டே இருக்கும். குடல் கயிறும் முறுக்கிய பச்சைத்தோலும் ஈரத்தில் தசைநாரின் வழியிலேயே போகும். பச்சைத்தோல் எடையும் அதிகம். மூங்கில் பட்டையையும் பிரம்பையும் நாணாகக் கட்டும் வழக்கம் நியூகினியில் உண்டு. ஆனால் அந்தப் பட்டை நாணுக்கு ஏற்றபடி அம்பின் அடியில் வெட்டே வைக்காமல் விடுகிறார்கள். நம் அம்புகளுக்கு அது பொருந்தாது.

மிஞ்சியவை மூன்று: பட்டு, எருக்கு, லினன்.

நண்பர் பட்டில் நின்றார். இழை வலுவைக் காட்டும் அட்டவணைகளைப் பார்த்திருந்தார். பட்டு எப்போதும் மேல் வரிசையில்தான் இருக்கும். மரம், கொம்பு, தசைநார் ஒட்டிச் செய்த துருக்கியர்களின் கூட்டுவில்லுக்குப் பட்டுதான் நாண் என்பதும் அவருக்குத் தெரியும். எனக்கு அந்த அட்டவணைகள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம். அவை ஒற்றை இழையை, உலர்ந்த அறையில், ஒரே ஒரு முறை இழுத்து அறுத்துப் பார்த்த கணக்கு. நாண் என்பது பல இழைகள் சேர்ந்து, வளைந்து, உரசி, நனைந்து, ஒவ்வொரு அம்புக்கும் ஒருமுறை அடிவாங்கும் பொருள். பட்டு அறுவதற்குள் தன் நீளத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை நீளக்கூடியது. ஆளிச்செடியின் நாரான லினன் 2 அல்லது 3 சதவீதத்திலேயே நின்றுவிடும். பட்டு நனைந்தால் கொஞ்சம் வலு குறையும். லினன் நனைந்தால் வலு கூடும். அப்புறம், கூட்டிலிருந்து அறுபடாமல் உருவிய நீண்ட பட்டிழையும், துண்டுப் பட்டை நூற்று வரும் தையல் நூலும் ஒன்றல்ல. பழைய நாண்களின் பெருமையெல்லாம் முதல் வகைக்கு. எங்கள் கையில் கிடைத்தது இரண்டாவது.

எருக்கு விஷயம் வேறு. அதில் எனக்கே ஆசை இருந்தது. அர்த்தசாஸ்திரம் ஆயுதச்சாலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், நாணுக்கான பொருள்களை அடுக்குகிறது: மருள், எருக்கு, சணப்பு, கவேது என்னும் புல், மூங்கில், தசைநார். எருக்கு இரண்டாவதாகவே வந்துவிடுகிறது. எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சு இல்லை இது. அந்தப் பஞ்சு வழவழப்பாக, உடையும் தன்மையோடு இருக்கும், நாணுக்கு ஆகாது. தண்டின் பட்டைக்கு உள்ளே இருக்கும் நார்தான் சரக்கு. பச்சைத் தண்டை ஒடித்தால் பால் கொட்டும். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. அதனால் செடியிலேயே காய்ந்து நிற்கும் நீண்ட தண்டுகளை எடுப்பது நல்லது. காய்ந்த தண்டைக் கல்லில் வைத்து மெல்லத் தட்டினால் உள்ளே இருக்கும் கட்டை நொறுங்கும், பட்டை நீளவாக்கில் உரிந்து வரும். அதைக் கசக்கிக்கொண்டே இருந்தால் மேல்தோல் பழுப்புத் தூளாகக் கொட்டி, உள்ளிருந்து வெள்ளையாக, பட்டின் பளபளப்போடு மெல்லிய நார் வெளியே வரும். முதல்முறை பார்ப்பவர்கள் இது எருக்கா என்று கேட்பார்கள்.

தொடையில் உருட்டி இருபுரியாகத் திரித்தோம். நார் நன்றாகவே இருந்தது. மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி எடை தொங்கவிட்டபோது, எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தாங்கியது. ஆனால் அறுந்த இடங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி: பழைய நார்க்கொத்து முடிந்து புதுக்கொத்து சேரும் இணைப்பு. அங்கே கயிறு ஒன்று தடித்திருந்தது, அல்லது மெலிந்திருந்தது. தடித்த இடத்துக்குப் பக்கத்தில் முறுக்கு தளர்ந்துபோயிருந்தது. கயிற்றின் வலு அதன் சராசரியில் இல்லை, மிக மோசமான ஒரு விரற்கடையில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் திரிப்பவர்களின் கையில் அந்த விரற்கடையே வராது. எங்கள் கையில் வந்தது.

வந்தால் என்ன செய்வது? தடிமனைக் கூட்டலாம். அப்போது ஆஸ்கம் சொன்ன இடத்துக்கே வந்து நிற்போம். நாணின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அம்போடு சேர்ந்த எடைபோல வேலை செய்கிறது. நடுப்பகுதி அம்பின் வேகத்திலேயே ஓட வேண்டும், நுனிப்பக்கம் மெல்ல நகர்ந்தால் போதும் என்பதால் இந்தக் கணக்கு. எங்கள் திரிப்புக்கு நம்பிக்கை வர வேண்டுமானால் எருக்கு நாண் நாலு மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். அம்பின் அடிவெட்டோ மூன்று மில்லிமீட்டர்தான். இந்த மூன்று என்ற அளவு சும்மா வந்ததில்லை. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நீளவில்கள் கிடைத்தன, நாண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கூடவே கிடைத்த அம்புகளின் அடிவெட்டை அளந்துதான், அவ்வளவு கடுமையான வில்களுக்கும் நாண் மூன்று மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அதைத் திரித்தவர்களின் கை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆக லினன். நார் எருக்கைவிட உயர்ந்தது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சீராக நூற்ற லினன் நூல் கிடைக்கும். சீராக நூற்ற எருக்கு நூல் கிடைக்காது. ஈரத்தில் அது நடந்துகொள்ளும் விதமும் எங்களுக்குச் சாதகம். முறுக்கிய தாவர நார்க் கயிறு நனைந்தால் இழைகள் பருத்து, முறுக்கு இறுகி, கயிறு சற்றுக் குட்டையாகும். தசைநார் செய்வதற்கு நேர் எதிர். நாண் தொய்ந்து வில் தாறுமாறாக அடிப்பதைவிட, இடைவெளி கொஞ்சம் ஏறுவது எவ்வளவோ மேல்.

கணக்கும் திரிப்பும்

நாண் தாங்க வேண்டிய எடை, வில்லின் இழுப்பு எடையைப்போல் குறைந்தது நாலு மடங்கு என்பது வில் செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அம்பு கிளம்பும் கணத்தில் வில்லின் கைகள் நாணில் அறையும்போது, இழுத்துப் பிடித்த எடையைவிடப் பல மடங்கு சுமை ஏறும் என்பதால் இது. 20.5 கிலோவுக்கு நாலு மடங்கு 82 கிலோ.

நூல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சுருளின் மேலுள்ள சீட்டை நம்பி முடிவு செய்யவில்லை. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலை ஒரு தடித்த உருளைக் கம்பில் பல சுற்றுச் சுற்றிப் பிடித்து, கீழே வாளியைத் தொங்கவிட்டு, தண்ணீரை மெல்ல ஊற்றினோம். முடிச்சுப் போட்டால் முடிச்சிலேயே அறுந்து கணக்குக் கெட்டுவிடும். அதனால்தான் கம்பில் சுற்றுவது. சுருளின் வெவ்வேறு இடங்களில் எடுத்த துண்டுகளில் மிகக் குறைவாகத் தாங்கியதையே எடுத்துக்கொண்டோம்: 5 கிலோ. 82ஐ 5ஆல் வகுத்தால் 17 நூல். முறுக்கும்போது கொஞ்சம் வலு போகும், நூல்கள் எல்லாம் ஒரே இழுவையில் நிற்காது. இவற்றுக்காக மேலும் சேர்த்து, மூன்று புரிக்கும் சமமாக வரும்படி 24 என்று வைத்தோம். புரிக்கு எட்டு. திரித்து முடித்தபோது தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றது. அம்பின் வெட்டில் இறுக்கமில்லாமல், நழுவாமல் உட்கார்ந்தது.

முறுக்கில்தான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்ற வேண்டும். எதிரெதிர் முறுக்குதான் நாணைப் பிரியாமல் வைக்கிறது. முறுக்கு குறைந்தால் நூல்கள் தனித்தனியாகச் சுமை தாங்கும், தொய்வான ஒன்று ஓய்வெடுக்க, இறுக்கமான ஒன்று முதலில் போகும். அதிகமானால் நாண் சுருள்வில்போல நீண்டு சுருங்கும், நூலின் வலுவும் இழைவாக்கில் வேலை செய்யாமல் குறுக்கே வீணாகும். நூல் முனைகளை ஒரே இடத்தில் வெட்டாமல் ஏற்ற இறக்கமாக வெட்டிச் சேர்த்தால் கண்ணிக்குக் கீழே திடீர் மேடு வராது. கண்ணிப் பகுதிக்கு மட்டும் கூடுதல் நூல் கொடுத்தோம். பழைய நாண் போன இடம் அதுதானே.

தேன்மெழுகில் கொஞ்சம் பைன் பிசின் உருக்கிச் சேர்த்துத் தடவி, தோல் துண்டால் சூடேறும்வரை தேய்த்தோம். வெறும் மெழுகு வழுக்கும், பிசின் இழைகளைப் பிடித்து வைக்கும். பிசின் அதிகமானால் குளிரில் நொறுங்கும். மெழுகே பெரும்பங்காக இருக்கட்டும். ஜப்பானிய வில்லாளிகளும் தங்கள் சணல் வகை நார் நாணுக்குப் பைன் பிசினும் எண்ணெயும் கலந்த பூச்சைத்தான் தேய்க்கிறார்கள். ஆனால் அவர்களிடத்தில் நாண் அவ்வப்போது அறுவது குறையாகவே பார்க்கப்படுவதில்லை. மூங்கில் வில் எதிர்ப்பக்கம் வளைந்து இளைப்பாற அது ஒரு வாய்ப்பு என்பார்கள். நேர்மரத்தில் செதுக்கிய நம் வில்லுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நாணை வில்லில் ஏற்றுவதற்கு முன் ஓர் இரவு எடை கட்டித் தொங்கவிட்டோம். நடுவில், அம்பு உட்காரும் இடத்துக்கு மேலும் கீழுமாக ஒரு சாண் நீளத்துக்கு, அதே லினன் நூலை நெருக்கமாகச் சுற்றினோம். விரலும் அம்பும் உரசுவது இந்தச் சுற்றோடு போகட்டும், நாணுக்குள் போக வேண்டாம் என்பதற்காக.

அதன் பிறகு

முதல் சில நாள்களில் நாண் கொஞ்சம் நீண்டது. சில முறுக்கு ஏற்றியதும் நின்றுவிட்டது. ஈரமான காலைகளில் இடைவெளி கால் அங்குலத்துக்கும் குறைவாக ஏறும், காய்ந்ததும் பழைய அளவுக்கு வரும். அதற்காக யாரும் நாணைத் தொட வேண்டியிருக்கவில்லை. நடுச்சுற்று மட்டும் தேய்ந்து ஒருமுறை மாற்றப்பட்டது. கண்ணியைத் திறந்து பார்த்ததில் நூல் உடைந்த அடையாளம் இல்லை, நுனி வெட்டின் ஓரத்தில் கறுப்பாக மெழுகு படிந்திருந்தது, அவ்வளவே.

குறையும் உண்டு. லினன் நீளாது என்பதால் அம்பு போன பிறகு கையில் வரும் அதிர்வு தசைநாரைவிடக் கூடுதல். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. பழகிவிட்டது என்கிறார், முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நாண் ஏற்றிய வில்லை இரவு முழுக்க அப்படியே விடும் பழக்கத்தை மட்டும் ஒருவழியாக விட்டுவிட்டார். அது நாணுக்கு எந்த அளவு நல்லதோ, அதைவிட மரத்துக்கு நல்லது.

அதே சுருளிலிருந்து இரண்டாவது நாண் ஒன்றும் திரித்து, சிறிது நேரம் எய்து பழக்கி, நீளம் நின்ற பிறகு கழற்றி மெழுகுத் துணியில் சுருட்டி வைத்திருக்கிறோம். பழக்காத நாண் மாற்று நாணே இல்லை. அவசரத்தில் ஏற்றினால் முதல் பத்து அம்பும் இடைவெளி பார்ப்பதிலேயே போய்விடும். எருக்குக் கயிறு வீணாகவில்லை, 25 பவுண்டு இழுக்கும் சிறிய வில் ஒன்றில் தடித்த நாணாக ஏறியிருக்கிறது. அதன் அம்புகளுக்கு அடிவெட்டை அகலப்படுத்திக்கொண்டோம்.

வறண்ட மாதங்கள் வந்ததும் தசைநாருக்கே திரும்பப் போவதாக நண்பர் சொல்கிறார். நான் தடுக்கவில்லை. கண்ணியை மட்டும் நாணோடு சேர்த்துத் திரிக்காமல் தனியாகச் செய்து முடிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். துருக்கியர்கள் பட்டு நாணுக்கு அப்படித்தான் தனிக் கண்ணி கட்டினார்கள். கண்ணி விறைத்தால் கண்ணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு எந்தப் பொருள் என்பதில் இப்போதைக்கு அவர் பதப்படுத்திய தோல் என்கிறார், நான் லினன் என்கிறேன்.